சினையென்று பொரித்த நாடாப்புழு

போன மாதம் ஒரு பிள்ளை தொலைபேசியில் கூப்பிட்டாள். பல்கலைக்கழகத்தில் மீன்களின் புழுக்களை ஆராய்கிறாளாம். யாரோ என் பெயரைச் சொல்லிவிட்டிருக்கிறார்கள். இப்போதெல்லாம் ஒரு புழுவின் பெயரை அறிய அதன் உடம்பில் நகக்கண் அளவு துண்டு போதுமாம், மிச்சத்தை இயந்திரம் பார்த்துக்கொள்ளுமாம். "நீங்கள் அந்தக் காலத்தில என்னத்தை வைச்சுக் கண்டுபிடிச்சனீங்கள், ஐயா?" என்று கேட்டாள். கண்ணை வைத்துத்தான் பிள்ளை என்றேன். சிரித்தாள்.

சிரித்தது எனக்குக் கொஞ்சம் சுட்டது. அதனால் வீறாப்பாக நாங்கள் வேலை செய்த விதத்தைச் சொல்லத் தொடங்கினேன். சொல்லிக்கொண்டு போகையில் குரல் தழுதழுத்துவிட்டது. வெட்கக்கேடு. அவள் பதறிப்போய், அவசரமில்லை, ஆறுதலாக எழுதி அனுப்புங்கோ என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டாள். எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் முதலே சொல்லிவிடுகிறேன், கனகராயன் ஆற்று மீனை நினைத்தால் எனக்குப் புழு நினைவுக்கு வருவதில்லை. என் அதிகாரியாயிருந்த அருளானந்தம் சேரும் என் மனிசி தங்கரத்தினமும்தான் வந்து நிற்கிறார்கள். இருவரும் போய்விட்டார்கள். நான் மட்டும் இருந்து அவர்களை நினைத்து ஏங்கிக்கொண்டிருக்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது ஐம்பதுகளின் நடுவில். கொழும்பில் ஒரு வருஷம் பயிற்சி. கடல் மீனை வெட்டவும், கெடாமலிருக்கப் போமலின் மருந்தில் போடவும், கண்ணாடித் தகட்டில் சாயமேற்றவும் பழக்கினார்கள். பயிற்சி முடிய, வன்னிக்குப் போ என்றார்கள். அங்கே நன்னீர் மீன்களைப் பார்க்கப் புதிதாக ஒரு சின்ன நிலையம் திறந்திருந்தார்கள். முரசுமோட்டைக்கு அப்பால் ஆற்றங்கரையில் தகரக் கூரை போட்ட இரண்டு அறைகள். மின்சாரம் கிடையாது. யன்னலோரம் நுணுக்குக்காட்டியை வைத்து, அதன் கண்ணாடியைச் சூரியனுக்குத் திருப்பித்தான் பார்ப்போம். வானம் மப்பு மூடினால் வேலை நின்றுவிடும். அப்படி நிற்கும்போது இருவரும் வெளியே வந்து, மருத மரத்தில் செட்டை விரித்துக் காயும் நீர்க்காகங்களைப் பார்த்துக்கொண்டு நிற்போம். அந்தச் சும்மா நின்ற நேரங்கள்தான் இன்றைக்கு எனக்கு எல்லாவற்றிலும் கூடுதலாக வேண்டியிருக்கிறது.

அருளானந்தம் சேர் நிலையத்தின் அதிகாரி. நெடுவல், மெலிவு, சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்திருப்பார். அவரோடு வேலை செய்வது சுலபமில்லை. ஒரு மீனை வெட்டிய கத்தியைக் கழுவாமல் அடுத்த மீனில் வைத்தால், அன்றைக்கு வெட்டிய அத்தனையையும் கொட்டச் சொல்லுவார். ஏச மாட்டார். "கொட்டும், கந்தையா" என்பார், அவ்வளவுதான். ஏசியிருந்தால் மனம் ஆறியிருக்கும்.

மீனை முதலில் தொடாமல் பார்க்க வேண்டும். பிறகு நிறுக்க வேண்டும், நீளம் எடுக்க வேண்டும். செவுளைத் தூக்கி ஒவ்வொரு மடிப்பாகப் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் கத்தரிக்கோல். எருவாயிலிருந்து முன்னோக்கி, மொட்டை முனை உள்ளே போக, குடலில் கீறல் விழாமல் வெட்ட வேண்டும். பக்கத் தசையைக் கதவு திறப்பதுபோல மடித்து வைத்துவிட்டு, எதையும் கிளறாமல் கிடந்தபடி பார்க்க வேண்டும். புழு கண்டால் உடனே போமலினில் போடக்கூடாது, அது சுருண்டு உருக்குலைந்துவிடும். இளஞ்சூட்டு நீரில் விட்டு அது தானாக நீண்டு ஓயும்வரை காத்திருந்து, இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் வைத்து நூலால் கட்டி, பிறகுதான் மருந்து. "அவசரப்பட்டால் அது தன்ர உருவத்தை எங்களுக்குக் காட்டாது" என்பார் சேர்.

அவரிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. இல்லை என்ற சொல் அவர் வாயில் வராது. ஒரு மீனில் புழு இருக்கிறதா என்று கேட்டால், "காணேல்லை" என்பார். இல்லையென்று சொல்வதற்கு எல்லா இடமும் பார்த்திருக்க வேண்டும், எல்லா இடமும் யாராலும் பார்க்க முடியாது என்பது அவருடைய நியாயம். இது மீனோடு நின்றதா என்றால், அதுதான் கிடையாது. தேத்தண்ணிக்குச் சீனி இருக்கா சேர் என்றால், போத்தலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, காணேல்லை என்பார். கடிதம் வந்ததா என்றாலும் காணேல்லைதான். நான் வீட்டில் அவரைப்போலவே பேசிக் காட்டுவேன். தங்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

தங்கத்தை நான் வன்னிக்குக் கூட்டிவந்தது வேலைக்குப் போய் இரண்டாம் வருஷம். காடு, காய்ச்சல், யானை என்று அவளுடைய வீட்டார் பயமுறுத்தித்தான் அனுப்பினார்கள். குடியேற்றத் திட்டத்து வீடுகளுக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீடு கிடைத்தது. கல்யாணமாகி ஏழு வருஷம். இரண்டு தரம் வயிற்றில் தங்காமல் போனது. மூன்றாம் தரம் அங்கே வந்த பிறகுதான் தங்கியது. அப்போது ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. நாங்கள் இருவரும் அதைப் பற்றிச் சத்தமாகக்கூடக் கதைப்பதில்லை. கண்பட்டுவிடும் என்று பயம்.

அந்த வருஷம் ஆவணியில் ஆறு வற்றி, அங்கங்கே மடுக்களில் மட்டும் தண்ணீர் நின்றது. சனம் இறங்கி மீன் பிடித்தது. குடியேறியவர்களில் அரைவாசிப் பேர் யாழ்ப்பாணத்துக் கடற்கரைப் பக்கத்து ஆட்கள். கடல் மீனை நல்லாய் அறிவார்கள், ஆற்று மீன் அவர்களுக்குப் புதிது. மடுக்களில் பிடித்த கெண்டைகள் வயிறு ஊதி உருண்டு கிடந்தன. சினை வைத்த மீன் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். வயிற்றைக் கீறினால் உள்ளே வெள்ளையாய், மடிப்பு மடிப்பாய், நிறைய இருந்தது. அதை எடுத்து மஞ்சளும் உப்பும் பிரட்டிப் பொரித்தார்கள். ஆற்று மீனின் சினை கடல் மீனின் சினையைவிட வழுவழுப்பு என்று கதைத்துக்கொண்டார்கள்.

அது சினை அல்ல. மீனின் வயிற்றுக்குள் வளரும் ஒருவகை நாடாப்புழு. நீர்க்காகத்தின் குடலில்தான் அது முட்டையிடும். எச்சத்தோடு முட்டை தண்ணீரில் விழும். கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன நீர்ப்பூச்சி அதைத் தின்னும், பூச்சியைக் கெண்டை தின்னும். கெண்டையின் வயிற்றில் இது வளர்ந்து நிறைந்து, மீனை நீந்த முடியாமல் மேலே மிதக்க வைக்கும். நீர்க்காகம் வந்து சுலபமாகக் கொத்திக்கொண்டு போகும். இந்தப் புழு வைத்த மீனுக்குச் சினை பிடிக்காது. சினை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் நூல்போல ஒன்றுதான் கிடக்கும். இதைச் சேர் எனக்குக் காட்டித் தந்த அன்று, நான் வீட்டுக்குப் போய்ப் பெரிய புதினச் செய்தியாகத் தங்கத்திடம் சொல்லியிருந்தேன்.

பக்கத்து வீட்டில் பூரணம் அக்கா இருந்தா. வல்லிபுரக் கடற்கரைப் பக்கத்து மனுஷி. தங்கத்தைத் தன் கூடப்பிறந்தவள்போலப் பார்த்தவா. வயிற்றில் பிள்ளை இருப்பவளுக்குச் சினை மீன் கொடுக்க வேண்டும் என்பது அவவுடைய ஊர் வழக்கம். ஒருநாள் பொரித்ததை ஒரு பீங்கான் தட்டு நிறையக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறா. தங்கம் சினைதான் என்று நம்பி ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, எனக்கென்று நாலு துண்டு மூடி வைத்திருந்தாள்.

நான் வேலையால் வந்து மூடியைத் திறந்தேன். பொரித்தாலும் அது தட்டை, நடுவில் நீளத்துக்கு ஒரு வரி. புழுவுக்குத்தான் அந்த வரி, மூடியைத் திரும்ப மூடினேன். ஆனால் என் முகம் கள்ளம் தெரியாத முகம். தங்கம் பார்த்துவிட்டாள். என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அவள் விடவில்லை. கடைசியில் சொன்னேன். பொரித்த புழு செத்த புழு, அது ஒன்றும் செய்யாது என்பதையும் சேர்த்துத்தான் சொன்னேன். பின்பாதி அவள் காதில் ஏறவில்லை.

அன்றைக்குத் தின்றதெல்லாம் வெளியே வரச் சத்தி எடுத்தாள். அடுத்த நாள் சோறு வேண்டாம் என்றாள். அதற்கடுத்த நாளும் வேண்டாம். வெறும் தேத்தண்ணிதான். நான் கெஞ்சினேன், பிறகு சத்தம் போட்டேன். அப்போதுதான் மனதில் கிடந்ததைச் சொன்னாள்.

"நான் தின்னுறதை அதுவும் தின்னும். தின்னத் தின்ன வளரும். புழு வைச்ச மீனுக்குச் சினை கருகிப்போகும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

அது மீன், நீ மனுஷி என்றேன். எல்லாம் வயிறுதானே என்றாள்.

அதைவிடப் பெரிய இடி பூரணம் அக்காவிடமிருந்து வந்தது. பாவம், அவவும் தான் கொடுத்ததால் வந்த வினை என்று அழுதுகொண்டுதான் திரிந்தா. தங்கம் அவவைக் கெஞ்சி, பேதிக்கு ஆமணக்கெண்ணெய் வாங்கி வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை விடிய வெறுவயிற்றில் குடிக்கிறதாக முடிவு. அக்காவுக்கு மனம் கேட்காமல் என்னை வேலிப் படலையில் மறித்துச் சொல்லிவிட்டா. வீடுகளில் பிள்ளைகளுக்குப் பூச்சி விழ அப்படிப் பேதி கொடுப்பது எங்கள் வழக்கம்தான். ஆனால் ஏற்கெனவே இரண்டு தரம் கலைந்த வயிறு, சோறு தண்ணி இல்லாத உடம்பு. அவள் அதைக் குடித்தால் பிள்ளை மிஞ்சாது. போத்தலைத் தேடி எடுத்து வேலிக்கரையில் ஊற்றினேன். தங்கம் குசினி வாசலில் நின்று பார்த்தாள். "ஊத்துங்கோ. நீங்கள் வேலைக்குப் போன பிறகு வேற வாங்குவன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னாள்.

அன்று புதன்கிழமை. நிலையத்துக்குப் போய்ச் சேரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. எந்த மடு என்று கேட்டார். சொன்னேன். "அங்கேயிருந்து மீன் எடுத்துக்கொண்டு வாரும்" என்றார். இந்த மனிசனுக்கு நெஞ்சில் ஈரமே கிடையாதோ என்று நினைத்துக்கொண்டு போனேன்.

பகல் முழுக்க வெட்டினோம். ஒவ்வொரு கெண்டையாக, அதே ஒழுங்கில், கத்தியைக் கழுவிக் கழுவி. ஊதிய வயிறுகளில் அநேகமாக எல்லாவற்றிலும் புழு. சேர் உயிருள்ள புழுக்களைத் தண்ணீரில் விட்டு, சாராய விளக்கில் மெல்ல மெல்லச் சூடாக்கி, வெப்பமானியைப் பார்த்தபடி நின்றார். தண்ணீர் கொதிக்க வெகு முன்னரே புழு அசைவை விட்டது. ஆற வைத்துப் பார்த்தார், எழும்பவில்லை. பிறகு என்னைக் கொண்டு எண்ணெய்ச் சட்டி வைத்துப் பொரிக்கச் செய்தார். பூரணம் அக்கா எவ்வளவு நேரம் பொரித்தா, துண்டு எவ்வளவு தடிப்பு என்றெல்லாம் விசாரித்தார். பொரித்ததை வெட்டி நுணுக்குக்காட்டியில் வைத்து, முழுவதும் வெந்திருப்பதைப் பார்த்தார். பின்னேரம் ஆகிவிட்டது. இருவரும் ஒன்றும் சாப்பிடவில்லை.

"இந்தப் புழு மனிசரில இருந்ததை நான் காணேல்லை. படிச்சதிலயும் காணேல்லை" என்றார்.

அப்படியென்றால் இல்லையென்று வந்து அவளிடம் சொல்லுங்கள் என்றேன். நான் சொன்னால் தேற்றச் சொல்கிறேன் என்று நினைக்கிறாள், நீங்கள் சொன்னால் நம்புவாள் என்றேன். அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டு, "காணாததை எப்பிடிக் கந்தையா இல்லையெண்டு சொல்லுறது?" என்று கேட்டார். உண்மையாகவேதான் கேட்டார். அவருக்கு அது விளங்காத ஒரு கேள்வி.

எனக்குப் பொறுமை போய்விட்டது. அத்தனை காலத்தில் அவரை எதிர்த்துப் பேசியது அந்த ஒரு தரம்தான். "சேர், உங்களுக்குச் சொல் பெரிசு. எனக்குப் பிள்ளை பெரிசு" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. ஆம்பிளை, அதிகாரிக்கு முன்னால், மீன் இரத்தக் கையோடு நின்று அழுதேன். வேலையை விட்டு நிறுத்தினாலும் நிறுத்தட்டும் என்றிருந்தது.

சேர் கத்தரிக்கோலைத் தட்டில் வைத்தார். கழுவவில்லை. மேசையில் திறந்தபடி மீன்கள் கிடந்தன, அவற்றையும் மூடவில்லை. சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "சைக்கிளை எடும்" என்றார்.

வீட்டில் தங்கம் பாயில் சுவரோடு சாய்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள், முடியவில்லை. சேர் உட்காரக் கதிரையை இழுத்துப் போட்டேன். பூரணம் அக்கா கதவோரம் நின்று, தான் அறியாமல் செய்ததுதான் ஐயா என்று தொடங்கினா. சேர் அவவிடம், நீங்கள் நல்லாய்ப் பொரிச்சிருக்கிறீங்கள் அம்மா, அதுதான் முக்கியம் என்றார்.

பிறகு பகல் முழுவதும் செய்ததைத் தங்கத்துக்குச் சொன்னார். நிலையத்தில் எனக்கு விளக்குவது போலவே, சூடு, எண்ணெய், நீர்க்காகம் எல்லாம் ஒழுங்காகச் சொன்னார். அவள் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஐயா, என்ர வயித்தில புழு இல்லையெண்டு சொல்லுவீங்களோ?"

இந்த மனிசனை எனக்குத் தெரியும். சீனிப் போத்தலுக்கே இல்லை என்று சொல்லாதவர். இப்போது காணேல்லை என்று சொல்லப்போகிறார், இவள் வெள்ளிக்கிழமை குடிக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவர் முழங்காலில் வைத்த கையைப் பிசைந்தார்.

"இல்லை, பிள்ளை" என்றார்.

அதற்குப் பிறகு அவருக்கே என்ன செய்வதென்று தெரியவில்லை போலிருந்தது. தான் மத்தியானம் சாப்பிடவில்லை, பசிக்கிறது, ஏதும் கிடக்குமா என்று கேட்டார். பூரணம் அக்கா ஓடிப்போய்த் தன் வீட்டிலிருந்து பிட்டும் முருங்கைக்காய்க் கறியும் கொண்டுவந்தா. சேருக்குப் போட்டா, எனக்குப் போட்டா. சேர் கையை வைக்காமல் இருந்தார். தங்கம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, எனக்கும் கொஞ்சம் போடுங்கோ அக்கா என்றாள். அவள் முதல் வாய் எடுத்த பிறகுதான் சேர் பிட்டைத் தொட்டார். அன்றைக்கு அவள் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நான் தட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டே விழுங்கினேன்.

மாசியில் பெட்டைப்பிள்ளை பிறந்தது. சேர் வைத்தியசாலைக்கு வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பிள்ளையைத் தொடாமல் நெடுநேரம் பார்த்தார். நிறை என்ன என்று கேட்டார். மீனுக்குக் கேட்பது மாதிரியே கேட்கிறாரே என்று தங்கம் பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அடுத்த வருஷம் அவருக்கு இடமாற்றம் வந்தது. பரந்தனில் ரயிலேற்றிவிட்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ அதிகாரிகளிடம் வேலை செய்தேன். நல்ல மனிசர்கள்தான், கெட்டிக்காரர்கள்தான். ஆனால் மப்பு மூடின நேரத்தில் பக்கத்தில் நிற்க எனக்கு அவர்தான் வேண்டியிருந்தார். இன்றைக்கும் அப்படித்தான்.

இந்தக் கதையை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். உண்மையான ஆளின் ஒரு சொல்லுக்கு எவ்வளவு பெறுமதி, அவர் இல்லையென்றதும் இவள் நம்பிச் சாப்பிட்டாளே என்று முடிப்பேன். நான் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் மத்தியானம், மருமகனை இருத்திவைத்து அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். தங்கம் குசினியில் சோறு போட்டுக்கொண்டிருந்தவள், அங்கிருந்தே, "நான் எங்கை நம்பினனான்?" என்றாள்.

அவள் தட்டோடு வெளியே வந்தாள்.

"அந்த மனிசன் சொல்லேக்க என்ர முகத்தைப் பாக்கேல்லை. நிலத்தைப் பாத்துத்தான் சொன்னவர். நிச்சயமாய்த் தெரியாமல்தான் சொல்லுறார் எண்டு எனக்கு விளங்கினது."

அப்படியென்றால் ஏன் சாப்பிட்டாய் என்று கேட்டேன்.

"வாழ்க்கையில ஒருநாளும் அப்பிடிச் சொல்லாத ஆள், எனக்காக வந்திருந்து அதைச் சொல்லிப்போட்டு, நான் சாப்பிடுறனோ எண்டு பாத்துக்கொண்டு பசியோட இருந்தது. எனக்குப் புழுவை மறந்துபோச்சு. அந்தாள் சாப்பிடவேணும் எண்டுதான் நான் சாப்பிட்டனான்."

இத்தனை வருஷமும் அதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்கள் கேட்கவில்லையே என்றாள். எனக்கு இருக்கமுடியவில்லை. இதைச் சேர் கட்டாயம் அறிய வேண்டும், இப்போதே போய்ச் சொல்ல வேண்டும் என்று எழும்பி, கொடியில் கிடந்த சட்டையை எடுத்து ஒரு கையையும் நுழைத்துவிட்டேன். எங்கே வெளிக்கிடுகிறீங்கள் என்று தங்கம் கேட்டாள். அப்போதுதான் அவர் காலமாகி இரண்டு வருஷமாகிவிட்டது என்பது நினைவுக்கு வந்தது. சட்டையைக் கழற்றவும் தோன்றாமல் அப்படியே நின்றேன். தங்கம் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து, என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.